இரண்டு கம்பிகளின் வேறுபாடு: ஏடிசி உள்ளீடுகளை இயக்கும் முறையின் வரலாறு

மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. அனலாக் சைகையை எண்களாக மாற்றும் ஏடிசியும் அந்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. இரண்டு புள்ளிகளில் ஒன்றைத் தரை என்று வைத்துக்கொண்டால் சுற்று எளிதாகிவிடும். சைகைக்கு ஒரே கம்பி போதும். ஆனால் அதே தரை வழியே வேறு சுற்றுகளின் மின்னோட்டமும் ஓடினால், அதன் ஏற்ற இறக்கமெல்லாம் அளவீட்டில் கலந்துவிடும். இன்றைய துல்லியமான ஏடிசிகளும் வேகமான ஏடிசிகளும் பெரும்பாலும் இரண்டு உள்ளீட்டுக் கால்களோடு வருவதற்கு முதல் காரணம் இது. ஒரு கால் மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே இறங்க வேண்டும். அப்படி எதிரெதிராக அசையும் இரு சைகைகளை உருவாக்கி ஏடிசிக்கு ஊட்டும் சுற்றுக்கு டிரைவர் என்று பெயர். இந்த ஏற்பாடு தொலைபேசிக் கம்பங்களில் தொடங்கி, மூளை அலை ஆய்வுக்கும் தொலைக்காட்சிக் கேபிளுக்கும் சென்று, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகே ஏடிசி சிப்புக்குள் நுழைந்தது.

தரையை நம்பிய தொலைபேசி

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபோது, தந்தி ஏற்கெனவே ஊன்றிவிட்ட தொழில்நுட்பம். கம்பத்தில் ஒரே இரும்புக் கம்பி, திரும்பும் வழியாகப் பூமி என்ற தந்தியின் முறையையே தொலைபேசியும் எடுத்துக்கொண்டது. தந்தியின் விட்டுவிட்டு வரும் துடிப்புகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பேச்சொலிக்கு அது போதவில்லை. பக்கத்துக் கம்பியில் ஓடும் தந்தித் துடிப்புகள் காதுக்குக் கேட்டன. மற்றவர் உரையாடல் தன் உரையாடலுக்குள் புகுந்தது. மின்சார டிராம்கள் வந்தபின் நிலைமை இன்னும் மோசமானது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1888இல் ஃபிராங்க் ஸ்பிராக் அமைத்த டிராம் வெற்றி பெற்றதைத் தொடர்ந்து பல நகரங்களில் டிராம்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்பியது. அதில் ஒரு பகுதி பூமிக்குள்ளும் பரவியது. பூமியையே திரும்பும் வழியாகக் கொண்ட தொலைபேசிகளில் அந்த இரைச்சல் அப்படியே ஒலித்தது.

இதற்கான தீர்வைப் பெல் 1881இல் பெற்ற இன்னொரு காப்புரிமையிலேயே விவரித்திருந்தார். பூமியை விட்டுவிட்டு இரண்டாவது கம்பியையே திரும்பும் வழியாக்கி, இரண்டையும் முறுக்கிவிடுவதுதான் அந்த வழி. வெளியிலிருந்து வரும் தூண்டல் இரு கம்பிகளிலும் சம அளவில் விழும். கேட்கும் கருவி இரண்டுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டிலும் பொதுவாக உள்ளது அதற்குத் தெரியாது. வேறுபாடு மட்டுமே தெரியும். முறுக்க முடியாத நெடுந்தூரத் திறந்த கம்பிகளில், குறிப்பிட்ட இடைவெளியில் கம்பத்துக்குக் கம்பம் இரு கம்பிகளின் இடத்தையும் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். பலன் அதேதான்.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கம்பிகளும் பூமியைப் பொறுத்தவரை ஒரே இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) உடையவையாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கசிவோ கூடுதல் மின்தடையோ இருந்தால், பொதுவாக வந்த இரைச்சலின் ஒரு பகுதி வேறுபாடாக உருமாறிச் சைகையோடு சேர்ந்துவிடும். தொலைபேசிப் பொறியாளர்கள் இதைச் சமநிலை என்றார்கள். ஏடிசிக்கு முன்னால் டிரைவரை வைக்கும் இன்றைய பொறியாளருக்கும் முதல் விதி இதுவே. நான்கு மின்தடைகளும் ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஒன்றும் கொண்ட ஒரு மடங்கு வேறுபாட்டுப் பெருக்கியில் 1 சதவீத மின்தடைகளைப் பயன்படுத்தினால், மிக மோசமான நிலையில் பொது இரைச்சல் சுமார் 34 டெசிபல், அதாவது 50 மடங்கு மட்டுமே குறையும். ஆப்-ஆம்ப் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த எண் மாறாது. 0.1 சதவீத மின்தடைகளைப் போட்டால் அது 54 டெசிபல் ஆகிறது.

மூளை அலையும் தொலைக்காட்சிக் கேபிளும்

தொலைபேசியில் வேறுபாட்டை மட்டும் எடுத்துத் தந்தது டிரான்ஸ்ஃபார்மர். அதே வேலையைச் செய்யும் பெருக்கி மருத்துவ ஆய்வகத்திலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை 1929இல் வெளியிட்டார். தலையின் மேற்புறத்தில் அந்த அலைகளின் அளவு சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. அறையின் மின்கம்பிகளிலிருந்து உடலில் தூண்டப்படும் இரைச்சலோ அதைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு மின்முனையைத் தரையோடு இணைத்து அளந்தால் மூளை அலை இரைச்சலில் மூழ்கிவிடும். கேம்பிரிட்ஜில் உடலியல் அறிஞர் எட்கர் ஆட்ரியனோடு பணியாற்றிய பிரையன் மேத்யூஸ், இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கும் இரட்டை வால்வு (வெற்றிடக் குழல்) சுற்றை 1934இல் விவரித்தார். அதே ஆண்டில் ஆட்ரியனும் மேத்யூஸும் பெர்கரின் கண்டுபிடிப்பை உறுதி செய்தார்கள்.

இன்றைய ஆப்-ஆம்ப்களின் நுழைவாயிலில் இருக்கும் சுற்றுக்கு இங்கிலாந்தின் ஈஎம்ஐ நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் புளூம்லைன் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொலைக்காட்சிச் சைகையை நகரத்தின் குறுக்கே கேபிளில் கொண்டுபோகும் பணி அப்போது ஈஎம்ஐயின் முன் இருந்தது. புளூம்லைனின் சுற்றில் இரண்டு வால்வுகளின் கேத்தோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பெரிய மின்தடை வழியே எதிர்மின்னழுத்தத்தோடு இணைகின்றன. அந்த மின்தடையே ‘வால்’. சுற்றுக்கு நீள்வால் இணை என்ற பெயர் நிலைத்தது. இரு உள்ளீடுகளும் சேர்ந்து உயர்ந்தால் வாலில் ஓடும் மின்னோட்டம் பெரிதாக மாறாது. அதனால் வெளியீடுகளும் அசையா. ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால், அதே மின்னோட்டம் ஒரு வால்விலிருந்து மற்றதற்கு நகர்கிறது. ராடார் ஆய்வுப் பறப்பில் விமானம் விபத்துக்குள்ளாகி 1942இல் புளூம்லைன் இறந்தபோது அவருக்கு வயது 38. வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்தது, மின்தடைக்குப் பதில் மாறா மின்னோட்ட மூலம் வந்தது. அவர் வகுத்த அமைப்பு மாறவில்லை.

பத்து வோல்ட் காலம்

சைகையை எண்ணாக மாற்றும் சிந்தனையும் இதே ஆண்டுகளில் உருப்பெற்றது. பாரிசில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ், பேச்சை எண்குறிகளாக அனுப்பும் பிசிஎம் முறைக்கு 1938இல் பிரான்சில் காப்புரிமை கோரினார். போருக்குப் பின் பெல் ஆய்வகம் அந்த முறையைப் பல வடிவங்களில் வளர்த்தது. கடையில் வாங்கக்கூடிய தனிக் கருவியாக ஏடிசி வந்தது 1954இல். பெர்னார்ட் கோர்டன் வடிவமைத்து எப்ஸ்கோ நிறுவனம் விற்ற டாட்ராக், வினாடிக்கு 50,000 முறை 11 பிட் அளவீடு தந்தது. அது வெற்றிடக் குழல்களால் ஆனது. 500 வாட் மின்சாரத்தைக் குடித்தது. விலை 8,000 முதல் 9,000 டாலர்.

அடுத்த கால் நூற்றாண்டில் ஏடிசிகள் டிரான்சிஸ்டருக்கும் பின்னர் சிப்புக்கும் மாறின. ஆயினும் பெரும்பாலானவற்றுக்கு ஒரே உள்ளீடுதான்; மறுமுனை தரை. அக்காலத்து ஆப்-ஆம்ப்கள் கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட்டில் இயங்கின. சைகை கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வோல்ட் வரை அசைந்தது. இந்த 20 வோல்ட் வீச்சை 12 பிட்டாகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். தரையில் ஒரு மில்லிவோல்ட் ஏறி இறங்கினாலும் அளவீட்டில் தெரியாது. எடைமானிகளின் திரிபுமானிப் பாலம் போல மில்லிவோல்ட் அளவில் வரும் சைகைகளுக்கு மட்டும் முன்னால் ஓர் இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கி இருந்தது. அது வேறுபாட்டை எடுத்து, பெருக்கி, தரையைச் சார்ந்த ஒற்றைச் சைகையாக ஏடிசியிடம் கொடுத்தது. அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்ட ஏடி520 இத்தகைய பெருக்கியை ஒரே சிப்பில் தந்தது. வேறுபாட்டுப் பாதை ஏடிசியின் வாசலோடு நின்றுவிட்டது.

அந்தக் காலத்திலும் ஏடிசியின் உள்ளீடு அமைதியாக இருக்கவில்லை. 1978இல் வந்து தொழிற்சாலைக் கருவிகளில் பரவலாக இடம்பிடித்த 12 பிட் ஏடி574, ஒவ்வொரு பிட்டையும் சோதிக்கும்போது தன் உள்மின்னோட்டத்தை மாற்றியது. அந்த மாற்றம் உள்ளீட்டு மின்தடை வழியாக வெளியே எட்டிப்பார்த்தது. முன்னால் இருக்கும் ஆப்-ஆம்ப் ஒவ்வொரு படிக்குள்ளும் அந்தத் தாக்கத்திலிருந்து மீள வேண்டியிருந்தது. உயர் அதிர்வெண்ணிலும் அதன் வெளியீட்டு இம்பிடன்ஸ் குறைவாக இருந்தாக வேண்டும். டிஆர்டபிள்யூ நிறுவனம் 1979இல் வெளியிட்ட 8 பிட் ஃபிளாஷ் ஏடிசியில் 255 ஒப்பீட்டுச் சுற்றுகள் ஒரே உள்ளீட்டில் தொங்கின. அவற்றின் கூட்டு மின்தேக்குத்திறன் பெரியது. சைகைக்கு ஏற்ப மாறவும் செய்தது. டிரைவரை ஏடிசியோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடத்தை வடிவமைப்பாளர்கள் இக்கருவிகளிடம் கற்றார்கள்.

சிப்புக்குள் இரட்டைப் பாதை

பெரிய மாற்றம் பெர்க்லியிலிருந்து வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்ரியரியும் பால் கிரேயும், மாஸ் டிரான்சிஸ்டர் சுவிட்சுகளையும் மின்தேக்கிகளையும் கொண்டே ஏடிசி அமைக்கும் முறையை 1975இல் வெளியிட்டார்கள். அதில் உள்ளீட்டுச் சைகை ஒரு மின்தேக்கி அணியில் மின்னூட்டமாகப் பிடிக்கப்படுகிறது. பின்னர் அந்த மின்னூட்டம் இருமடங்கு வரிசையில் அமைந்த மின்தேக்கிகளிடையே பங்கிடப்பட்டு எண்ணாகிறது. மின்தேக்கிகளின் விகிதத்தைச் சிப்பில் துல்லியமாக அமைக்க முடியும் என்பதால் இந்த முறை வேகமாகப் பரவியது.

அதோடு புதிய சிக்கல்களும் வந்தன. மாஸ் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும் கணத்தில் அதன் தடத்தில் இருந்த மின்னூட்டம் மின்தேக்கிக்குள் கொட்டுகிறது. பிடித்துவைத்த மாதிரி பிழையாகிறது. எண் சுற்றுகளும் அனலாக் சுற்றுகளும் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால், எண் பக்கத்தின் துடிப்புகள் அடித்தளம் வழியாக அனலாக் பக்கத்துக்குக் கசிகின்றன. தொலைபேசிக் கம்பத்தில் டிராம் செய்ததைச் சிப்புக்குள் எண் சுற்று செய்தது. தீர்வும் அதுவே: எல்லாவற்றையும் இரட்டையாக, ஒன்றுக்கொன்று சமமாக அமைத்து, வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. சுவிட்ச் கொட்டும் மின்னூட்டமும் அடித்தள இரைச்சலும் இரு பாதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் கிரேயின் குழுவினர் தொலைபேசி வடிகட்டிகளை முழு வேறுபாட்டு முறையில் கட்டிக் காட்டினார்கள். ஸ்டீபன் லூயிஸும் கிரேயும் 1987இல் விவரித்த, வினாடிக்கு 50 லட்சம் மாதிரி எடுக்கும் படிப்படியாக எண்ணாக்கும் 9 பிட் பைப்லைன் ஏடிசி அதே வழியில் அமைந்தது. இந்தக் குடும்பமே பின்னர் கேமரா, மோடம், கைபேசிக் கோபுரம் என எங்கும் சென்றது.

மின்வழங்கல் சுருங்கியது இந்தப் போக்கை உறுதியாக்கியது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துவர, 5 வோல்ட் 3.3 ஆகி, பின்னர் 1.8 ஆனது. தரையைச் சார்ந்த சைகைக்கு அசைய இடமே இல்லாமல் போனது. இரு கால்களும் எதிரெதிராக அசைந்தால் அதே மின்வழங்கலில் வீச்சு இருமடங்காகிறது. அது 6 டெசிபல் ஆதாயம். இரு பாதைகளின் தற்செயல் இரைச்சலும் சேர்வதால் 3 டெசிபல் போய்விடும்; மீதி 3 டெசிபல் உண்மையான லாபம். இதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. இரு பாதிகளும் ஒரே மாதிரி வளைந்து உருக்குலைந்தால், இரண்டாவது, நான்காவது போன்ற இரட்டைப்படைச் சீரிசைகள் இரண்டிலும் ஒரே குறியோடு தோன்றிக் கழித்தலில் மறைகின்றன. அடிப்படைச் சைகை எதிர்க்குறியோடு தோன்றுவதால் அது கூடுகிறது.

டிரைவரின் சுமை மட்டும் ஏறியது. மாதிரி எடுக்கும் மின்தேக்கியில் வெப்ப இரைச்சல் தங்குகிறது. அறை வெப்பநிலையில் 1 பிக்கோஃபாரடுக்கு அது சுமார் 64 மைக்ரோவோல்ட். சைகையின் வீச்சு பாதியானால், பழைய துல்லியத்தைக் காக்க மின்தேக்கி நான்கு மடங்காக வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் அந்தப் பெரிய மின்தேக்கியை நிரப்பும் வேலை வெளியே இருப்பவருக்கு வந்தது.

டிரான்ஸ்ஃபார்மரும் பெருக்கியும்

வேறுபாட்டு ஏடிசி வந்தாலும், அதற்கு முன்னால் உள்ள உலகம் பெரும்பாலும் ஒற்றைச் சைகையாகவே இருந்தது. ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளில் ஒரு கம்பியும் ஒரு தரையும்தான். ஒற்றையை இரட்டையாக்கும் பழைய கருவி டிரான்ஸ்ஃபார்மர். அகன்ற அதிர்வெண் வீச்சில் இயங்கும் சிறிய வகைகளுக்கான அடிப்படையை குஸ்தாவ் குவானெல்லாவின் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையும் கிளைட் ரத்ராஃபின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையும் அமைத்திருந்தன. 1990களில் கைபேசிக் கோபுரங்களின் ஏற்பிகள் எண்மயமாகின. 1995இல் வந்த 12 பிட் ஏடி9042 வினாடிக்கு 4.1 கோடி மாதிரி எடுத்தது. 2000ஆம் ஆண்டளவில் வந்த 14 பிட் ஏடி6645 வினாடிக்கு 8 கோடி மாதிரி எடுத்தது, அதுவும் வேறுபாட்டு உள்ளீட்டோடு. இத்தகைய ஏடிசிகளின் முன்னால் விரல்நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மர் வழக்கமான காட்சியாயிற்று. அது மின்சாரம் கேட்பதில்லை; குறிப்பிடத்தக்க இரைச்சல் சேர்ப்பதில்லை; இரண்டாம் சுருளின் நடுக்காலில் ஏடிசி விரும்பும் பொதுநிலை மின்னழுத்தத்தை, அதாவது இரு கால்களின் சராசரியை, கொடுத்தால் போதும்.

அதன் குறைகளும் தெளிவானவை. நேர்மின்னழுத்தத்தை அது கடத்தாது. அதனால் மருத்துவப் படக்கருவி, அலைக்காட்டி, தொழிற்சாலை அளவீடு போன்றவற்றுக்கு உதவாது. உயர் அதிர்வெண்ணில் சுருள்களுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் இரு பக்கங்களின் சமநிலையைக் கெடுக்கிறது. கழிந்திருக்க வேண்டிய இரட்டைப்படைச் சீரிசை மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை அடுத்தடுத்து வைத்துச் சமநிலையை மீட்கும் வழக்கம் இதனால் உருவானது.

நேர்மின்னழுத்தம் தேவைப்பட்டவர்கள் இரண்டு ஆப்-ஆம்ப்களை வைத்தார்கள். ஒன்று சைகையை அப்படியே தந்தது, மற்றது தலைகீழாக்கியது. தாமதத்திலும் இரைச்சலிலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அதிர்வெண் ஏற ஏறச் சமநிலை குலைந்தது. இரு வெளியீடுகள் கொண்ட சிப் பெருக்கிகள் 1970களிலேயே இருந்தன. ஃபேர்சைல்டின் மியூஏ733 வீடியோ பெருக்கி அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் வெளியீடுகளின் பொதுநிலையை அதில் பயனர் நினைத்தபடி அமைக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது முழு வேறுபாட்டுப் பெருக்கி. சிப் வடிவமைப்பாளர்கள் ஏடிசிக்குள் ஏற்கெனவே பயன்படுத்திய சுற்றைத் தனி உறுப்பாக வெளியே கொண்டுவந்ததுதான் அது. 1999இல் அனலாக் டிவைசஸ் வெளியிட்ட 320 மெகாஹெர்ட்ஸ் ஏடி8138 இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் லீனியர் டெக்னாலஜியும் இதே வகையில் தத்தம் வரிசைகளை வெளியிட்டன. இதில் இரண்டு பின்னூட்டங்கள் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. வெளியே உள்ள நான்கு மின்தடைகள் வழியான பின்னூட்டம் வேறுபாட்டுப் பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே உள்ள பின்னூட்டம், இரு வெளியீடுகளின் சராசரியை எடுத்து, தனிக் கால் ஒன்றில் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுச் சமன் செய்கிறது. அந்தக் காலை ஏடிசியின் பொதுநிலைக் காலோடு இணைத்துவிட்டால், ஒரு பக்கம் மட்டும் சைகை தந்தாலும் இரு வெளியீடுகளும் ஏடிசி விரும்பும் நடுப்புள்ளியைச் சுற்றிச் சமமாக அசையும்.

ஒரு மாதிரியின் கணக்கு

டிரைவர் உண்மையில் எதைத் தாங்குகிறது என்பதை ஒரு 16 பிட் ஏடிசியின் ஒரு காலில் பார்க்கலாம். அந்தக் காலில் வீச்சு 4.096 வோல்ட், அதை 65,536ஆல் வகுத்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். உள்ளே 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி இருக்கிறது; அது காலியாக இருக்க, உள்ளீட்டில் 4 வோல்ட் காத்திருக்கிறது. சுவிட்ச் இணைந்து வழிவிட்ட கணத்தில் 120 பிக்கோகூலோம் மின்னூட்டம் உடனே தேவைப்படுகிறது. அவ்வளவு வேகமாக எந்தப் பெருக்கியாலும் தர முடியாது. அதனால் ஏடிசியின் காலருகே 2.7 நானோஃபாரட் மின்தேக்கியும், அதற்கும் பெருக்கிக்கும் நடுவே 20 ஓம் மின்தடையும் வைக்கிறார்கள். முதல் கணத்து மின்னூட்டத்தை அந்த மின்தேக்கி தந்துவிடுகிறது; கால் மின்னழுத்தம் சுமார் 44 மில்லிவோல்ட் மட்டும் சரிகிறது. அதுவே 700 படிகளுக்குச் சமம். 20 ஓம் வழியாகப் பெருக்கி அதை மீண்டும் நிரப்ப வேண்டும். பிழை அரைப் படிக்குக் கீழே வர 7.25 காலமாறிலிகள் ஆகும். இங்கே ஒரு காலமாறிலி 54 நானோவினாடி; மொத்தம் 390 நானோவினாடி. மாதிரி எடுக்க அரை மைக்ரோவினாடி கிடைத்தால் கணக்கு பொருந்துகிறது.

மின்தேக்கியைப் பெரிதாக்கினால் சரிவு குறையும், ஆனால் மீட்சி நீளும். மின்தடையை நீக்கினால் மீட்சி விரையும், ஆனால் பெருக்கி அலைவுறத் தொடங்கும். இரு கால்களிலும் இவை ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் முந்திய மீட்சி, மற்றதில் பிந்திய மீட்சி என்றால் அந்த நேர வேறுபாடே உருக்குலைவாக எண்ணில் பதியும். இந்த மின்தேக்கிக்கு மின்னழுத்தத்தால் மதிப்பு மாறாத சி0ஜி வகைச் செராமிக்கைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான்.

இன்றைய நிலை

இந்தக் கணக்கைப் பயனரிடமிருந்து எடுத்துக்கொள்வதே அண்மைக்கால ஏடிசிகளின் போக்கு. சிலவற்றில் இடையகப் பெருக்கி ஏடிசிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே தெரிவது அமைதியான, உயர் இம்பிடன்ஸ் கொண்ட இரு கால்கள். தொடர்நேர டெல்டா-சிக்மா என்ற ஏடிசி வகையில் உள்ளீடு மின்தேக்கிக்குப் பதில் மின்தடையாக இருப்பதால், ஒவ்வொரு மாதிரியிலும் மின்னூட்டத்தை இழுக்கும் உதை இல்லை. 2010களின் பிற்பகுதியிலிருந்து டிரைவர், வடிகட்டி, ஏடிசி மூன்றையும் ஒரே உறைக்குள் அடைத்த தொகுப்புகளும் விற்பனைக்கு வந்துள்ளன. பொருத்தமான மின்தடைகளும் மின்தேக்கிகளும் அவற்றுள் தொழிற்சாலையிலேயே இணை பார்த்து அமைக்கப்படுகின்றன.

வேகம் மிகுந்த ரேடியோ ஏற்பிகளில் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் விலகவில்லை. நேர்மின்னழுத்தம் வேண்டிய இடங்களில் முழு வேறுபாட்டுப் பெருக்கியும், பொருத்தமான மின்தடையும் மின்தேக்கியும் தொடர்கின்றன. எந்த வழியானாலும் நிறைவேற்ற வேண்டியவை மூன்று: இரு கால்களும் சமமான இம்பிடன்ஸைக் காண வேண்டும், அவற்றின் சராசரி ஏடிசி கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும், சுவிட்ச் இணைப்பைத் துண்டிப்பதற்குள் இரண்டும் நிலைகொண்டிருக்க வேண்டும். முதலாவது தொலைபேசிக் கம்பிகளின் காலத்தது. இரண்டாவது ஒற்றை மின்வழங்கலில் இயங்கும் வேறுபாட்டுச் சிப்புகளோடு வந்தது. மூன்றாவதை 1975இன் மின்தேக்கி அணி கொண்டுவந்தது.